மூடுபனியில் அறுபத்து மூன்று நிமிடங்கள்

பொந்தெசெக்கோ,
18 நவம்பர் 1994, வெள்ளிக்கிழமை காலை.

அன்புத் தங்கை நோர்மாவுக்கு,

அண்ணன் ஒரேஸ்தே எழுதிக்கொள்வது. நீயும், பிள்ளை பெற்ற உன் மகள் அர்மீதாவும், நான் இன்னும் முகம் பார்க்காத பேரனும் த்ரியெஸ்தேயில் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் ஊர்க் காவல் புனிதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் ரத்தக் கொதிப்பு நீங்கலாக யாவரும் சுகம். உன் பூனை சுகம். அடுத்தபடியாக உன் கணவரும் சுகம் என்று எழுதிவிட்டு அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடமாகக் கால்பந்துக் கழகத்தின் பதிவேட்டில் நடந்ததை மட்டும் எழுதிப் பழகிய கை. அடித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கழகம் 1911-ல் ஆரம்பமானது. இந்த எண்பத்து மூன்று வருடத்தில் ஒரு கோப்பைகூட வென்றதில்லை. பதிவேட்டில் சாதனைகள் என்ற பக்கத்தைத் திறந்தால் என்னென்ன இருக்கின்றன என்று ஊருக்கே தெரியும்: மிகப் பெரிய தோல்வி, பதினொன்றுக்குப் பூஜ்யம், 1934; ஒரே ஆட்டத்தில் மிக அதிகம் பேர் வெளியேற்றப்பட்டது, ஐந்து, 1949, அந்த ஐந்தாமவர் ஆட்டக்காரர்கூட அல்ல, வைத்தியர்; மிகக் குறுகிய காலம் தலைவராக இருந்தவர், ஒரு ஞாயிறு மதியம் தேர்ந்தெடுக்கப்பட்டு இடைவேளையில் ராஜினாமா செய்தவர். இந்தச் சேற்றில் பூத்த ஒரே தாமரை உன் கணவர் அர்தெங்கோ. 1957-58-ல் கோல்கீப்பராக நின்று தொடர்ந்து எண்ணூற்று எழுபத்தொரு நிமிடம் ஒரு கோல்கூட விடாதவர். முப்பத்தேழு வருடமாக அவர் மதுக்கடைக்குள் நுழைந்தால் சீட்டாடுகிறவர்கள் கையை நிறுத்துவார்கள். சாமியார் தோன் கலிஸ்தோ, பாவத்துக்கு இடம் கொடாத ஆன்மாவுக்குப் பிரசங்கத்தில் அவரைத்தான் உதாரணம் சொல்வார். இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. அந்த எண்ணைத்தானே நீ கல்யாணம் செய்துகொண்டாய்.

இப்போது வந்த வினை இவானோ. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற இவானோ பெர்த்தொலாசிதான். இருபத்தாறு வயது, இரண்டு வருடமாக நம் கோல்கீப்பர், யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. செப்டம்பரில் முதல் ஆட்டத்தின் நாற்பதாவது நிமிடத்தில் ஒன்றை விட்டான். அதோடு சரி. போன ஞாயிறு ஆட்டம் முடிந்தபோது அவன் கணக்கு எண்ணூற்று அறுபது நிமிடம். நாளை மறுநாள் சொந்த மைதானத்தில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் நின்றுவிட்டால் சாதனை அவனுடையது. இது மெல்ல மெல்ல நெருங்கி வந்த விதத்தில் உன் கணவரின் நிலைமையும் மாறியது. ஐந்நூறில் சிரித்தார். அறுநூறில் பயிற்சிக்குப் போய் அந்தப் பையனுக்கு அறிவுரை சொன்னார். எழுநூறு நெருங்கும்போது அவன் கடையில் ரொட்டி வாங்குவதை நிறுத்தினார். அதற்கும் மேலே போனதும் ரொட்டி தின்பதையே நிறுத்திவிட்டார். பத்து நாளாக மூன்று வேளையும் சோளக்களிதான். செவ்வாய்க்கிழமை காலை கழக அறைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மச்சான், உன் புஸ்தகத்துல தப்பு இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "எது தப்பு மாப்பிள்ளை?"

"எண்ணூத்தி எழுபத்தொண்ணு. அது தப்பு. தொள்ளாயிரத்தி முப்பத்திநாலு."

"அறுபத்தி மூணு நிமிஷம் எங்கேருந்து வந்துச்சு?"

"மூடுபனியிலேருந்து," என்றார்.

எனக்கு முதுகில் ஐஸ் வைத்ததுபோல இருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி. 1957 டிசம்பர் பதினைந்து, வால்மொரோ அணியோடு ஆட்டம். பனி இறங்கி அறுபத்து மூன்றாவது நிமிடத்தில் நடுவருக்குத் தன் கையே தெரியாமல் போய் ஆட்டத்தை ரத்து செய்தார். மூன்று வாரம் கழித்து முதலிலிருந்து மறுபடி ஆடினார்கள். ரத்தான ஆட்டம் ரத்தானதுதான். அது நடக்கவே இல்லை என்பதுதான் சட்டம், அதனால் பதிவேட்டில் அது இல்லை. இதைச் சொன்னேன். அவர் மேசையைத் தட்டினார். "நடக்கலையா? அன்னிக்கு என் விரல் விறைச்சுதே, அது நடக்கலையா? மறுநாள் காய்ச்சல்ல கிடந்தேனே, அது யாருக்கு வந்துச்சு, உன் சட்டத்துக்கா? நான் நின்ன நிமிஷம் நான் நின்ன நிமிஷம்தான். எழுது."

எழுதவில்லை. அவர் நேராக மதுக்கடைக்குப் போய் அங்கே சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஊர் ரெண்டாப் பொளந்துபோச்சு. பால் கூட்டுறவுச் சங்கச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு 934 என்று எழுதி, மறுநாளே எவனோ அதன் மேல் 871 என்று எழுதி, இப்போது அது ஏதோ லாட்டரி எண் மாதிரி இருக்கிறது. முடிதிருத்துகிற செலிந்தோ பழைய எண்காரர். தொள்ளாயிரத்துக்காரன் ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்துவிட்டான், பாதி முகம் சிரைத்ததோடு எழுப்பி அனுப்பிவிட்டார். "மீதியை உங்க அர்தெங்கோ பனியில வந்து சிரைப்பான், போ!" அவனும் பிடிவாதமாகப் பாதித் தாடியோடுதான் திரிகிறான். கழகத் தலைவர் குவெர்த்சோனி, பன்றித் தீவனம் விற்கிறவர், அவர் ஒரு சலவைக்கல்லுக்குச் சொல்லிவிட்டார், அதில் பழைய சாதனையும் புதிய சாதனையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டவேண்டுமாம். கல் வெட்டுகிறவர் கல்லறைக்கல் ஆசாமி. தினம் வந்து என் ஜன்னலைத் தட்டுகிறார். "பதிவாளர் ஐயா, என் தொழில்ல தேதியைச் சரியாச் சொல்றதுக்கு ஆள் இருக்கும். நீங்க ஒருத்தர்தான் உயிரோட இருக்கிற ஆளுக்கே இழுக்கிறீங்க."

இவானோவும் புதன்கிழமை வந்தான், பாவம். கையில் மாவு காயவில்லை. அந்த வாரம் ரொட்டியில் இரண்டு முறை உப்புப் போட மறந்தானாம். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பன்னெண்டு நிமிஷமா, எழுபத்தஞ்சு நிமிஷமா? பன்னெண்டுன்னா மூச்சைப் புடிச்சுட்டு நின்னுருவேன். எழுபத்தஞ்சுன்னா மூச்சு விட்டாகணும். அதுக்கேத்தமாதிரி வரணும்ல?" நான் சனிக்கிழமை தெரியும் என்றேன். "சனிக்கிழமை வரைக்கும் மூச்சு விடலாமா?" என்று நிஜமாகவே கேட்டான்.

சனிக்கிழமை, அதாவது நாளை மாலை ஆறு மணிக்கு, கழகக் குழு கூடுகிறது. ஒன்பது பேர். அர்தெங்கோ எழுந்து அறுபத்து மூன்று நிமிடத்தையும் சேர்க்கச் சொல்லப் போகிறார். குழுவில் ஐந்து பேராவது அவரோடு வளர்ந்தவர்கள், சேர்ப்பார்கள். சேர்ப்பதற்கு முன்னால் தலைவர் என்னைப் பார்த்து, "பதிவாளரே, அந்த ஆட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா, என்ன நடந்தது?" என்று கேட்பார். நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

நோர்மா, இதுவரை நான் உன்னிடம் மட்டுமல்ல, பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சொல்லாததைச் சொல்கிறேன். அன்றைக்கு மேசையிலிருந்து எதுவும் தெரியவில்லை என்று நோட்டை எடுத்துக்கொண்டு நம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு பந்து வந்தது. பாய்ந்து வரவில்லை, வீட்டுக்குத் திரும்புகிற கிழ நாய்போல உருண்டு வந்தது. உன் கணவர், அப்போது உன் கணவர் அல்ல, இரண்டு காலையும் அகட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பந்து இரண்டு காலுக்கும் நடுவில் போய்க் கோட்டைத் தாண்டி வலைக்குப் பக்கத்தில் நின்றது. முழுசாத் தாண்டிருச்சு. ஒரு முழம் தாண்டிருச்சு. உதைத்தவனுக்கே தெரியாது, நடுவர் ஐம்பது மீட்டருக்கு அப்பால் விசிலைத் தடவிக்கொண்டிருந்தார். அர்தெங்கோ திரும்பினார், பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் பந்தை எடுத்து ஓங்கி உதைத்தார், நான் நோட்டை மூடினேன். ஐந்து நிமிடத்தில் ஆட்டமே ரத்தாகிவிட்டது. நடக்காத ஆட்டத்தில் விழாத கோல். யாரும் பொய் சொல்லத் தேவையே வரவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த ஏப்ரலில் அவர் நம் வீட்டு மாப்பிள்ளை. அவருடைய மானத்தைக் காப்பதுதான் உனக்கு நான் கொடுத்த சீதனம் என்று இத்தனை வருடமும் மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது கணக்கைப் பார். ரத்தான ஆட்டம் வெளியே இருக்கும்வரை எண்ணூற்று எழுபத்தொன்று சுத்தமான எண். அதில் ஒரு நொடி பொய் இல்லை, எந்தக் கோர்ட்டிலும் நிற்பேன். அந்த நிமிடங்களை உள்ளே கொண்டுவந்தால் கோலும் கூடவே வரும். மாட்டை ஓட்டி வந்தால் வால் வெளியே நிற்காது. கோல் வந்தால் தொடர் அங்கே அறுந்துபோகும்: முன்னால் நானூற்று நாற்பத்தொன்பது, பின்னால் நானூற்று எண்பத்தைந்து. அந்த எண்ணை இவானோ ஒரு மாதத்துக்கு முன்பே தாண்டிவிட்டான், யாரும் கைதட்டாமல், தனக்கே தெரியாமல். கிடைக்காத அறுபத்து மூன்றுக்கு ஆசைப்பட்டு கையில் இருக்கிற எண்ணூற்று எழுபத்தொன்றைப் பள்ளத்தில் தள்ளப் போகிறார் இந்த மனுஷர். மறந்துபோயிட்டாரா, இல்லே வயசாகி அந்தக் கோல் விழவே இல்லைன்னு நம்ப ஆரம்பிச்சுட்டாரா, எனக்குப் புரியலே. நான் உண்மையைச் சொன்னால் உன் வீட்டில் விளக்கு அணையும். சொல்லாவிட்டால் என் பதிவேட்டில் முதல் பொய் ஏறும், அதுவும் சலவைக்கல்லில் வெட்டி. என்ன பண்ணச் சொல்றே, நீயே சொல்லு. வியாழன் முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆகையால் நீதான் அவரை நிறுத்தவேண்டும். நான் தொலைபேசியில் கூப்பிட்டிருப்பேன். ஆனால் தொலைபேசி கழக அறையில் இருக்கிறது, அதன் பக்கத்து நாற்காலியில் உன் கணவர் இருக்கிறார். மதுக்கடைத் தொலைபேசியில் பேசுவதும் கோயில் மணியை அடித்துச் சொல்வதும் ஒன்று. பாலாடைக்கட்டி லாரி ஓட்டும் தூலியோ இன்று மதியம் த்ரியெஸ்தே வருகிறான்; அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் கிடைத்தவுடன் நாளை மாலைக்குள் அவரைக் கூப்பிட்டு ஏதாவது சொல். குழந்தைக்குப் பெயர் வைக்கவேண்டும், உடனே வா என்று சொல். உனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல். பனி என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதே. நான் இதை எழுதினேன் என்பதையும் சொல்லாதே.

அர்மீதாவுக்கும் அவள் கணவருக்கும் என் அன்பு. குழந்தை நீண்ட ஆயுளோடும், நல்ல பசியோடும், எந்த அணியிலும் கோல்கீப்பர் ஆகாமலும் வளர என் ஆசிகள்.

உன் அண்ணன்,
ஒரேஸ்தே பல்பியானி,
பதிவாளர், பொந்தெசெக்கோ கால்பந்துக் கழகம்.

பின்குறிப்பு: இது சனிக்கிழமை இரவு எட்டு மணி. தூலியோவின் லாரி நேற்றுக் கிளம்பவே இல்லை, அச்சு முறிந்துவிட்டது; கடிதம் என் சட்டைப்பையில் இருக்கும்போதே கூட்டம் நடந்து முடிந்தது. அர்தெங்கோ கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். எழுந்தார். அறுபத்து மூன்று நிமிடத்தையும் சேர்க்க வேண்டும் என்றார். பாதிப் பேர் மேசையைத் தட்டினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன். அப்போது உன் கணவர், "அவனைக் கேக்காதீங்க, நானே சொல்றேன். அம்பத்தெட்டாவது நிமிஷத்துல ஒண்ணு விட்டேன். கால் நடுவுல போச்சு. அதையும் எழுதணும்," என்றார்.

அவருக்கு வேண்டியது நிமிடங்கள் அல்ல நோர்மா, கோல். நிமிடங்களைச் சேர்க்காமல் கோலை எழுத முடியாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. "அந்தப் பையன் ஞாயித்துக்கெழமை என்னைத் தாண்டறப்போ ஒழுங்கான நம்பரைத் தாண்டட்டும்," என்றார். இவானோ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். குழு ஒரு மணி நேரம் வாதாடி, ரத்தான ஆட்டத்தில் கோல் விழ முடியாது என்று ஒன்பதுக்குப் பூஜ்யம் தீர்மானித்தது. எண்ணூற்று எழுபத்தொன்று நிற்கிறது. "நான் வாங்கின கோலைக்கூட எனக்குத் தர மாட்டீங்களாடா!" என்று அவர் போட்ட சத்தம் சந்தை வரைக்கும் கேட்டதாம்.

வெளியே வந்தபோது, "மாப்பிள்ளை, நோர்மாவுக்கு மட்டும் இது தெரியவேண்டாம்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நிச்சயதார்த்தத்தன்னிக்கே சொல்லிட்டேனே மச்சான். அவதான் சொன்னா, 'எங்க அண்ணன்கிட்ட இதைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. நம்மளை அவன்தான் காப்பாத்தறதா நினைச்சுட்டு சந்தோஷமா இருக்கான், கெடுக்காதீங்க'ன்னு."

இதற்கு உன்னிடமிருந்து விளக்கம் எதிர்பார்க்கிறேன். எழுத்து மூலமாக.