டபுள் போட்ட கதை

பிரிஞ்சாங் மேல்தோட்டம்,
ஆகஸ்டு 1983

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் செல்லையா அவர்கள் சமூகத்துக்கு, பழனியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு மழை, குளிர், தங்கள் தங்கை நாகரத்தினம் ஆகிய மூன்றும் வழக்கம்போல் பலமாகவே இருக்கின்றன. கம்பாரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் தயவுசெய்து தீபாவளிக்கு முன் வந்து தங்கள் தங்கையை ஒரு மாதத்துக்காவது அழைத்துக்கொண்டு போக வேண்டும். சண்டையெல்லாம் இல்லை. என்னால் நிம்மதியாக ஒரு தும்மல் போட முடியவில்லை, அதுதான்.

போன வருடம் நான் கறுத்துப்போனது தங்களுக்கு நினைவிருக்கும். வெயிலே படாமல் ஃபேக்டரிக்குள் தேயிலை காயவைக்கிறவன் எப்படிக் கறுத்தான் என்று தோட்டமே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஊறுகாய் ஜாடியை வழித்து நக்கினேன், அவ்வளவு உப்பு ஆசை. பிறகு தலைசுற்றி விழுந்து, ஈப்போவில் பெரிய டாக்டர் பார்த்துக் கண்டுபிடித்தார். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி அட்ரினல் என்றொரு சுரப்பி உண்டாம், என்னுடையது வேலையை நிறுத்திவிட்டதாம். யூனியன் கூட்டத்தில் எல்லா ஸ்டிரைக்குக்கும் கை தூக்கினவன் நான், என் உடம்புக்குள் நடந்த ஸ்டிரைக் மட்டும் எனக்குத் தெரியவில்லை. அது சுரக்க வேண்டியதை இனி ஆயுள் முழுதும் மாத்திரையாக நான் விழுங்க வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் தோட்டத்தில் லைன் வீட்டுக்கு லைன் வீடு இருக்கிறார்கள். எங்கள் வியாதிக்கு ஆளே கிடையாது. நாலு ஊரில் தேடிப் பிடித்து எங்களை டவுன் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து வகுப்பு நடத்துகிறார்கள், வீட்டு ஆளையும் கூட்டி வரச் சொல்கிறார்கள், தங்கள் தங்கையும் வந்து ஊசி போடப் பழகினாள். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஈசா பாய் என் பக்கத்து நாற்காலி. ஆபத்தில் போடும் ஊசியை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொன்னார்கள். நான் குத்தியது ஈசா பாயின் கட்டை விரலில். "பழனி, நான் பழம் இல்ல லா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எனக்கு வந்த வெட்கத்தில், பாடம் நடத்தும் நர்ஸ் மிஸ்ஸி அடுத்துச் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. "காய்ச்சல் வந்தா யோசிக்காதீங்க அங்கிள், உடனே டபுள் போட்டுடுங்க."

எங்கள் ஃபேக்டரியில் டபுள் போடுவது என்றால் தங்களுக்கே தெரியும், ஒரு ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அடுத்த ஷிப்டும் பார்ப்பது. எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் சூடான டிரையர் பக்கத்தில் இரண்டு ஷிப்டு நின்றால் வேர்த்துக் காய்ச்சல் ஓடிவிடும், நம் வேலை தெரிந்துதான் சொல்கிறார்கள் என்று டாக்டர்களை மனதுக்குள் மெச்சினேன். அடுத்த வாரமே காய்ச்சல் வந்தது. வீட்டில் மூச்சு விடாமல், நேரே ஷிப்டுக்கு ஆள் பேர் எழுதும் முருகையா கிராணியிடம் போய் நின்றேன்.

"ஏன்யா, மூஞ்சி இப்படி இருக்கு? போய்ப் படு."

"இல்லீங்க கிராணி, மிஸ்ஸி டபுள் போடச் சொல்லிட்டாங்க."

"நல்ல மிஸ்ஸி லா!" என்று ஆள் பற்றாக்குறையில் இருந்த கிராணி சந்தோஷமாக என் பேரைப் போட்டார்.

இரண்டாவது ஷிப்டு சங்கு ஊதியது தெரியும். வாந்தி வந்தது தெரியும். பிறகு டிரையர் அடியில் கிடந்தேன், கை கால் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது மச்சான், பயந்துபோனேன். யாரோ ஓடிச் சொல்லித் தங்கள் தங்கை வந்தாள். ஆபத்து ஊசியை அவள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் டிபன் கேரியரின் மேல்தட்டைத் திறந்து ஊசியை எடுத்து, மருந்தைக் கலக்கி, ஃபேக்டரியே வேடிக்கை பார்க்க என் காற்சட்டையை ஏற்றித் தொடையில் குத்தினாள். "ஆரஞ்சுகூட இவ்வளவு ஆடலயே, சும்மா கிடங்க!" என்று அழுதுகொண்டே திட்டினாள். அப்புறம்தான் லோரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கண் விழித்ததும் மிஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டார். "டபுள் போடச் சொன்னது மாத்திரையை அங்கிள்!" இப்போது வகுப்பில் என் பேர் டபுள் பழனி. புதிதாக யார் வந்தாலும் முதல் பாடம் நான்தான். வீட்டிலோ நான் செருமினால் நெற்றியில் கை, இருமினால் டிபன் கேரியர். பழகிப் பழகி ஓட்டை விழாத ஆரஞ்சு வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவேதான் கேட்கிறேன், அழைத்துப் போங்கள். இனி அந்த வகுப்புப் பக்கமும் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. மலையிறங்கி வரும் இக்கடிதம் தங்களைக் குறையில்லாமல் காணட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் நோயாளி,
பழனியப்பன்

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது குளிரெடுத்தது. நான் வாயே திறக்கவில்லை, நெற்றியில் கை வந்துவிட்டது. "இந்தாங்க, உங்க டபுள். கிராணிகிட்ட லீவு சொல்லிட்டேன்" என்று மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு, போர்வையும் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே மச்சான், மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். அவளை அழைக்க வர வேண்டாம், தீபாவளிக்கு நீங்கள் எல்லாரும் இங்கே வாருங்கள். அடுத்த வகுப்பில் டபுள் என்றால் என்னவென்று என்னையே பேசச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன். வரும்போது ஓட்டையில்லாத ஆரஞ்சு கொஞ்சம் வாங்கி வரவும்.