பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஓர் ஏணியும்

கோபப்படாமல் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. கோபத்தோடேயே சொல்கிறேன், கேளுங்கள்.

போன செப்டம்பரில், இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். மறுநாள் காலை, முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டே, என் மனைவி க்ளெனிஸிடம் ஒரு பிரகடனம் செய்தேன்.

"இனிமே ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் எங்கயும் வரமாட்டேன். அந்த அறிவியல் தொடரை டிவிடியில வாங்கிட்டேன். பதிமூணு பகுதி. பதிமூணு ஞாயிறு."

"எந்தத் தொடர்?"

"எனக்குப் பதினோரு வயசுல டிவியில வந்துச்சே! மீசைக்காரப் பேராசிரியர். வானம், கோள், நட்சத்திரம்."

"அதான் அப்பவே பார்த்துட்டீங்களே?"

"எங்க பார்த்தேன்? 'இப்போது நாம் சூரியனுக்குள் நுழைவோம்'னு அவர் கையைத் தூக்குவார். எங்கப்பா எந்திரிச்சு வந்து மல்யுத்தத்துக்கு மாத்திடுவார். அம்பது வருஷமா நான் சூரியனுக்கு வெளியிலயே நிக்கறேன், க்ளெனிஸ்!"

இது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஞாயிறு மூன்று மணி என்றால் கடற்கரை ஊரான பிரிட்லிங்டனில் க்ளெனிஸின் அக்கா மார்ஜரி வீட்டில் தேநீர். மார்ஜரி தனியாக இருக்கிறாள். அவள் வீடு மட்டும் தனியாக இல்லை. ஒழுகும் குழாய், மூடாத கதவு, கூரையோரத்து மழைத்தண்ணீர்க் குழாய் நிறையக் கடற்பறவைகளின் எச்சம் என்று ஒரு பட்டாளமே கூட இருக்கிறது. எனக்கு லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் அங்கேதான் போனது. மற்றவர்களுக்கு நான் மனிதன். மார்ஜரிக்கு நான் கால் முளைத்த ஸ்பானர்.

க்ளெனிஸ் தேநீரைக் கலக்கினாள். "சரி," என்றாள்.

அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். முப்பத்துநாலு வருடத்தில் அவள் என்னிடம் ஒரே வார்த்தையில் சம்மதம் சொன்னது அதற்கு முன் ஒரே ஒரு தடவை, தேவாலயத்தில்.

முதல் ஞாயிறு. மூன்றுக்கு ஐந்து நிமிடம். அழைப்பு மணி. வாசலில் மார்ஜரி, பின்னல் பையோடு.

"உனக்கு வர முடியலன்னு க்ளெனிஸ் சொன்னா, ரேமண்ட். அதனாலென்ன, நானே வந்துட்டேன். மூணு மணிக்கு என்னவோ பாடமாமே?"

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் இஞ்சி பிஸ்கட்டை எடுத்தாள். கருந்துளையிலிருந்து வெளிச்சம்கூடத் தப்பாதாம். மார்ஜரியிடம் துணுக்குகூடத் தப்பவில்லை.

பேராசிரியர் ஒரு கடற்கரையில் நடந்து வந்தார்.

"இவரு கால்சட்டை ஏன் அடியில இவ்வளவு அகலம்? காத்து புகுந்தா ஆளையே தூக்கிட்டுப் போயிடுமே!"

"அந்தக் கால மோஸ்தர், மார்ஜரி. கேளுங்க. கோள்களைப் பத்திச் சொல்றார்."

"சொல்லட்டும். எங்க பக்கத்து வீட்டு டாரீன் இருக்காளே..."

அவர் கோள்களைப் பற்றிச் சொன்னார். இவள் கோள் சொன்னாள். அவர் ஒன்பதோடு நிறுத்தினார்.

"ஒளியாண்டுன்னா என்ன ரேமண்ட்?"

"வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம்," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கும் ஒளிய ஓர் ஆண்டு கிடைத்தால் தேவலை.

இரண்டாவது ஞாயிறு. சளைத்தேனா? இருப்பதிலேயே வறட்சியான பகுதியைப் பொறுக்கிப் போட்டேன். முழுக்க நீள்வட்டமும் சூத்திரமும். பத்து நிமிடத்தில் ரயிலுக்கு ஓடுவாள் என்று கணக்கு. மார்ஜரி பின்னலைக் கீழே வைத்தாள். பையிலிருந்து நோட்டுப் புத்தகம் எடுத்தாள்!

"கொஞ்சம் பின்னால ஓட்டு. சூரியன்கிட்ட வரும்போது கோள் என்ன பண்ணும்?"

"மெதுவாப் போகும்."

"வேகமாங்க," என்றாள் க்ளெனிஸ். "இப்பத்தானே சொன்னாரு? நீங்க தூங்கிட்டீங்க."

"தூங்கல. கண்ணை மூடி யோசிச்சேன்."

"குறட்டை விட்டா யோசிச்சீங்க?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அது என் தொடர். என் பேராசிரியர். என் அம்பது வருடம். நடுவில் இந்த இரண்டு பேரும் முன்வரிசை மாணவிகள், நான் கடைசி பெஞ்சா?

மூன்றாவது ஞாயிறுதான் அக்கிரமம். அன்றைக்குச் சூரியன்! காலையிலிருந்தே எனக்குக் கை பரபரத்தது. மத்தியானமே வந்துவிட்ட மார்ஜரி தன் கையால் மாட்டிறைச்சி வறுத்து, குழம்பு ஊற்றி, 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு' என்று அவித்த காய்கறியும் உருளைக்கிழங்குமாகத் தட்டை நிரப்பினாள். தின்றேன். மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். இசை வந்தது. பேராசிரியர் கையைத் தூக்கினார்.

கண் திறந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மாடி!" என்றாள் மார்ஜரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உள்ளுக்குள்ள என்னா அழகு!"

"என்னை ஏன் எழுப்பல?" என்று கத்தினேன்.

"எழுப்பினோம்," என்றாள் க்ளெனிஸ். "'பின்னால தள்ளி நில்லுங்க, அடுத்த ஸ்டாப்புல இறங்கலாம்'னீங்க."

"திரும்பப் போடு!"

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு," என்றாள் மார்ஜரி. டிவிடி பெட்டியை அப்படியே எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். "இதை நான் கொண்டுபோறேன். சில இடம் மறுபடி பார்த்துக் குறிப்பெடுக்கணும். க்ளெனிஸ் சரின்னுட்டா."

அப்பாவாவது மல்யுத்தத்துக்கு மாற்றினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை! எழுந்து நின்றேன். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன.

"போதும்! இனிமே ஞாயித்துக்கிழமை இந்த வீட்ல யாரும் வந்து உக்காரக் கூடாது! அதுக்குப் பதிலா நானே பிரிட்லிங்டனுக்கு வந்து குழாயைச் சுரண்டறேன்! கதவைச் சரிபண்றேன்! சுவத்துக்குப் பெயிண்ட்கூட அடிக்கறேன்! ஆளை விடுங்க!"

 அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அடுத்த வாரமேவா?" என்றாள் மார்ஜரி.

"அடுத்த வாரமே!"

"நல்லதாப் போச்சு. ஏணி தயாரா இருக்கு. டாரீன் வீட்ல கேட்டு வாங்கி வெச்சுட்டேன்."

"எப்போ வாங்கினீங்க?"

"நீ ஓய்வு பெற்ற மறுநாள். க்ளெனிஸ் காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டாளே."

க்ளெனிஸைப் பார்த்தேன். அவள் பிஸ்கட் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இப்போது நாலாவது ஞாயிறு. பிரிட்லிங்டன். வடகடல் காற்று காதைக் கடிக்கிறது. நான் ஏணியில் பன்னிரண்டாவது படியில் நிற்கிறேன். குழாயில் நாலு வருடத்து எச்சம், பாறையாக இறுகிக் கிடக்கிறது. மேலே ஒரு கடற்பறவை, வீட்டுக்காரன் மாதிரி என்னை முறைக்கிறது. கையில் கரண்டி. ஆத்திரம் தீரச் சுரண்டுகிறேன்.

கீழே ஜன்னல் வழியாக இசை வருகிறது. வால்நட்சத்திரங்கள் பகுதி போலிருக்கிறது. தலையை எவ்வளவு சாய்த்தும் திரைச்சீலையின் ஓரம்தான் தெரிகிறது. பேராசிரியரின் குரல் மட்டும் அரைகுறையாகக் கேட்கிறது.

ஜன்னல் திறந்தது. க்ளெனிஸ் தலையை நீட்டினாள். எனக்கு மனசு இளகியது. 'பாவம், குளிருது, உள்ள வந்து பாருங்க' என்று கூப்பிடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தும்விட்டேன்.

"ஏங்க," என்றாள், "கொஞ்சம் சத்தமில்லாம சுரண்டுங்க. அவர் பேசறது கேக்கல."