இரு கரைக்கும் பொதுவான ஒரு கல்

ஒரு காட்டில் இரண்டு ஊராட்சிகள் இருந்தன. காடு ஒன்றுதான், நடுவே ஓடிய ஓடையை எல்லையாக வைத்துப் பிரித்திருந்தார்கள். கீழ்க்கரைக்குத் தலைவர் கரடியார். மேல்கரைக்குத் தலைவர் காட்டுப்பன்றியார். இருவரும் ஒருவரையொருவர் ‘அண்ணன்’ என்றே அழைத்தனர். பகை எவ்வளவு ஆழமானது என்பதை அதிலிருந்தே அறியலாம்.

ஓடையின் குறுக்கே கிடந்த பனந்தடிப் பாலம் சென்ற வெள்ளத்தில் போய்விட்டது. கீழ்க்கரைப் பள்ளத்தில் வளை தோண்டிக் குடியிருந்த செவந்தி என்னும் முயல் அண்மையில்தான் குட்டிகள் ஈன்றிருந்தாள். மழை பிடித்தால் முதலில் மூழ்குவது அவள் வளை. மேட்டுநிலமோ மேல்கரையில் இருந்தது. கண் திறவாத குட்டிகளைக் கவ்விக்கொண்டு நீந்த இயலாது. ஆகவே அவள் கரடியாரிடம் போனாள்.

“ஐயா, மேக்கால மேகம் கட்டுதுங்க. ஒரு பனந்தடி போட்டுக் குடுத்தீங்கன்னா என் புள்ளைங்க பொழைச்சுக்கும்.”

“போட்டுருவோம்மா. கல்வெட்டு வேலை முடியட்டும்.”

“கல்வெட்டு எதுக்குங்க?”

கரடியார் சிரித்தார். அக்காட்டில் கல்வெட்டும் பாலமும் ஒரே புகைப்படத்தில் இருந்தால்தான் வேலை நடந்ததாகப் பொருள். கல்வெட்டில்லாத பாலத்தில் நடப்பவர், சட்டப்படி, தண்ணீரில்தான் நடக்கிறார்.

ஒப்பந்தக்கார யானையும் கையை விரித்தது. “தடியைத் தூக்கிப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆயிரும்? ஆனா கல்லு நட்டப்புறம்தான் தடியத் தொடணும்னு உத்தரவு. நான் என்ன பண்ண?”

கல்லில் யார் பெயர் முதலில் என்பதை முடிவுசெய்ய இரு ஊராட்சிகளும் கூட்டுக் கூட்டம் போட்டன.

“ஓடை எங்க எல்லையில வருது. என் பேருதான் மேல வரணும்” என்றார் கரடியார்.

“அண்ணே, மீன் புடிக்கறப்ப உங்க ஓடை. வெள்ளம் வந்தப்ப எங்க ஓடை. இப்பக் கல்வெட்டுன்னதும் மறுபடி உங்க ஓடையா?” என்றார் பன்றியார்.

“போன தடவை கழிப்பறைக்கு உங்க பேரைத்தானே அண்ணே முதல்ல போட்டோம்?”

“அதைத்தான் சொல்றேன். இந்தத் தடவையாவது நல்ல எடத்துல போடுங்க.”

இருவருக்கும் நடுநிலையாளராக அமர்ந்திருந்தவர் கொக்கம்மையார். இரு கரைக்கும் பொதுவான வாட்ஸ்அப் செய்திக் குழுவை நடத்திவந்தவர், படித்தவர், கண்டிப்பானவர். அன்று காலைதான் செவந்தி தன் குட்டிகளின் படத்தை அக்குழுவில் போட்டு, ‘பாலம் வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். பூங்கொத்துகளும் கூப்பிய கைகளும் பதிலாக வந்து குவிந்தன. ‘இது செய்திக் குழு. சொந்த விஷயங்களைத் தவிர்க்கவும்’ என்று குறிப்பெழுதி, அம்மையார் படத்தை நீக்கிவிட்டார்.

“இரு பெயரையும் ஒரே வரியில் பக்கம் பக்கமாகப் பொறிக்கலாம்” என்று அவர் தீர்ப்பளித்தார். கல் அகலமானது. உடனே உறுப்பினர்கள் அனைவரும் தத்தம் பெயரைக் கேட்டார்கள். கல் உயரமானது. எந்தக் கரையில் நடுவது என்று அடுத்த சண்டை எழுந்தது. எந்தக் கரையிலும் ஊன்றாமல், தண்ணீரை ஒட்டிய விளிம்பில் நடுவதென்று உடன்பாடாயிற்று.

“அங்க மண்ணு இளக்கமா இருக்குங்க. நிக்காது” என்றது யானை.

“தீர்மானம் நிறைவேறியாகிவிட்டது” என்றார் அம்மையார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடியில் இன்னும் சிறிது இடம் இருக்கிறதல்லவா? ‘வாசகம்: கொக்கம்மையார்’ என்று ஒரு வரி போடலாம். விளம்பரத்திற்காக அல்ல, ஆவணத்திற்காக” என்றார். கல் இன்னும் ஒரு சாண் வளர்ந்தது.

திறப்பு விழாவன்று வானம் பிளந்து கொட்டியது. பந்தலுக்குள் பொன்னாடைகள் மாறிக்கொண்டிருந்தபோது செவந்தியின் வளை வாசலில் தண்ணீர் ஏறியது. அவள் குட்டிகளை வாழைமட்டை ஒன்றில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடைக்கு ஓடிவந்தாள். பனந்தடி இன்னும் ஓரமாகக் கிடந்தது. யானை அம்மாபெரும் கல்லை நிமிர்த்திவிட்டுத் துதிக்கையை எடுத்தது. விளிம்பு மண் கரைந்தது. கல் மெல்லச் சாய்ந்து, பெயர்கள் எல்லாம் வானம் பார்க்க, ஓடையின் குறுக்கே விழுந்து அக்கரையைத் தொட்டது.

செவந்தி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கல்லின்மேல் ஏறி ஓடினாள்.

“ஏய், பேரை மிதிக்காதே!” என்று இரு தலைவர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். நடுநிலையாளர் இல்லாமல் அவர்கள் ஒத்துப்போனது அதுவே முதல் முறை.

குட்டியை அக்கரையில் வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். “மன்னிச்சுக்குங்க ஐயா. காலு வைக்க உங்க பேரை விட்டா வேற எடமே இல்லீங்களே” என்று சொல்லி, அடுத்த குட்டியைக் கவ்வினாள். எல்லாக் குட்டிகளும் கரையேறின. கல்லின் அடியிலிருந்த கடைசி வரி இக்கரையில் இருந்தது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் தன் கால் சேற்றை அவள் துடைத்தது அந்த வரியில்தான்.

புகைப்படக்காரக் குரங்கு படமெடுத்தது. கல்வெட்டும் பாலமும் ஒரே படத்தில் இருந்தன. விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘பாலம் இனிதே திறக்கப்பட்டது’ என்று கொக்கம்மையார் குழுவில் செய்தி வெளியிட்டார். சேறு படிந்த பகுதியைப் படத்திலிருந்து வெட்டிவிட்டிருந்தார்.

சில நாள் கழித்து, காட்டாற்றங்கரை மான் ஒன்று செவந்தியைத் தேடி வந்தது. “எங்க பக்கமும் பாலம் இல்லக்கா. யார்கிட்ட மனுக் குடுக்கறது?”

“மனுவெல்லாம் வேண்டாம் கண்ணு. கல்வெட்டு மட்டும் கேளு. எல்லாருக்கும் இனிஷியல், படிப்பு, பட்டம் எல்லாம் விடாமப் போடச் சொல்லு. உங்க ஆறு அகலமில்ல? அப்பத்தான் எட்டும்.”

நீதி: பொறுப்பில் இருப்பவர்களின் பெயராசையைக் குறை கூறாதீர்கள், அது அக்கரை வரை நீளுமா என்று மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.