மழைக்குள் கதவு தட்டும் சத்தம்

அடுத்த அறையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும், அன்பும் கோபமும் நிறைந்த அக்காவுக்கு,

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீ நலம் என்பது இயந்திரம் ஓடுகிற வேகத்திலேயே தெரிகிறது. லாரியோடு போயிருக்கும் அத்தானும் நலமாகத்தான் இருப்பார். உன் கோபம் எட்டாத தூரத்தில் இருக்கிற எல்லாரும் நலம்தான். கூப்பிடு தூரத்தில் இருக்கிற உனக்குக் கடிதம் எழுதும்படி ஆகிவிட்டது. என்ன செய்ய, நீதான் என்னோடு பேசுவதில்லையே.

போன வாரம் நான் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே கிடந்தபோது, நீ கொட்டுகிற மழையில் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாய். தைத்து முடித்த துணிமூட்டையும் உன்னோடு நனைந்தது. கடைசியில் கீழ்வீட்டு வாத்தியார் மாடியேறி வந்து, சன்னல் வழியாகக் குடைக்கம்பியை விட்டுக் குத்தித்தான் என்னை எழுப்பினார். தெருவுக்கே கேட்டது எனக்குக் கேட்கவில்லை. தப்புதான். ஆனால் அக்கா, துணி துவைக்கும் இயந்திரம் பழுதானவர்களின் வசவையெல்லாம் பகல் முழுக்கத் தொலைபேசியில் வாங்கிக்கொண்டு, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லியே வயிறு வளர்க்கிறவனுக்குக் கொஞ்சம் சத்தமில்லாத இடம் வேண்டாமா? வசதியுள்ளவன் அதற்கு ஒரு அறை கட்டிக்கொள்கிறான். நமக்கு இருப்பதே இரண்டு அறை. நான் காதுக்குள் கட்டிக்கொண்டேன். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ வாத்தியாரிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே, "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கருமத்த வித்துட்டு வரணும் சார். இல்லன்னா அவன வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய்.

அதனால்தான் இன்று காலை ஹெட்போன் பிரியர்கள் கூடும் இடத்துக்குப் போனேன். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி என்பதையெல்லாம் சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அங்கே ஒருவரையொருவர் சந்திக்க வந்தவர்கள் எல்லாரும் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடுமுறை நாளில் காலியாகக் கிடந்த அலுவலகக் கூடம். காலடி கேட்காத கம்பளம். மேசைக்கு ஒருவராகக் கண்மூடி, தலையை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்கள். குளத்தின் அடியில் பாசி அசைகிற மாதிரி இருந்தது. நானும் மெதுவாக மூழ்கினேன். கூட்டத்தை நடத்துகிற பல் டாக்டர் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். "வெளிச் சத்தம் உள்ள வந்துடக் கூடாது பாருங்க." அந்த வெளிச் சத்தத்துக்கு நடுவே, காற்றில்லாத படிக்கட்டில், கால் உடைந்த நாற்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் காவல் காக்க அவர். அமைதியை அனுபவிக்க இவர்கள்.

நம் ஹெட்போனை ஒரு வங்கி மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் வைக்கவில்லை. "பெட்டி எங்க தம்பி?"

"வீட்டுல மறந்துட்டேன் சார்."

"பெட்டியில்லாம நான் எதையும் வாங்கறதில்ல. நாளைக்கு நான் விக்கணும்ல?"

நான் முகம் தொங்கி நின்றதைப் பார்த்துப் பரிதாபப்பட்ட பல் டாக்டர், தன்னுடையதை என் தலையில் மாட்டினார். அதில் காதை மூடும் கிண்ணங்களுக்குப் பின்பக்கம் மூடியே இல்லை, வலைதான். வெளிச் சத்தம் தாராளமாக உள்ளே வரும். ஆனால் அந்த வகைதான் உசத்தியாம். "கண்ண மூடுங்க. மழை" என்றார்.

மழை பெய்தது அக்கா. பதிவுசெய்த மழை. முதலில் எங்கோ தூரத்தில் இலைகள் மேல், பிறகு ஓடுகள் மேல், பிறகு என் நெற்றியிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒவ்வொரு துளியும் விழுந்து உடைவது தனித்தனியாகக் கேட்டது. நான் கூரையில்லாத ஏதோ வீட்டில் நனையாமல் நின்றுகொண்டிருந்தேன். அப்போது அந்த மழைக்குள் யாரோ கதவு தட்டினார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "சார், மழைக்குள்ள ஒரு கதவு சத்தம் கேக்குது!"

பல் டாக்டர் வாங்கி மாட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "இத்தன வருஷமா கேக்கறேன், இது கேட்டதே இல்ல! புது ஆம்ப்ளிஃபையர் வேல செய்யுதுய்யா!"

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக வாங்கி மாட்டினார்கள்.

"கண்ணாடிக் கதவு. சந்தேகமே இல்ல."

"தட்டறது பொம்பள கை."

"கோவமா தட்டறாங்க."

"இல்லய்யா, களச்சுப்போயித் தட்டறாங்க. நல்லாக் கேளு."

"அட, இப்ப ரெண்டு பேரு தட்டறாங்க!"

திரும்ப என் முறை வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ நனைந்து நின்றதுதான் நினைவுக்கு வந்தது. அன்று கேட்காத சத்தத்தை இன்றாவது கேட்கிறோமே என்று உருகிப்போய் நின்றேன். உருகினேனே தவிர, கழற்றிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு தட்டுவது நின்றது. பல் டாக்டர் கேபிளைச் சந்தேகப்பட்டு வேறு மாற்றினார்.

முகம் கழுவலாம் என்று வெளியே வந்தால், காவலாளி நம் ஹெட்போன் பெட்டியோடு நிற்கிறார். "ஒரு அக்கா குடுத்துட்டுப் போனாங்க. கை வலிக்கத் தட்டினாங்க. நானும் சேந்து தட்டினேன். உள்ள உசுரோட யாராச்சும் இருக்கீங்களா இல்லயா?"

கட்டில் மேல் கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறாய். இரண்டாவது தடவையும் உன்னை வெளியே நிற்க வைத்துவிட்டேன். பெட்டியை மேலாளரிடம் நீட்டினேன். மூடியில் உன் கட்டைவிரல் பதிந்திருந்தது, இயந்திர எண்ணெயோடு. "கறை இருக்கே தம்பி" என்று திருப்பித் தந்துவிட்டார். "அது கறை இல்ல சார், எங்கக்கா" என்று சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். அவர் அதற்குள் காதை மூடிக்கொண்டுவிட்டார்.

விற்காமல்தான் வந்திருக்கிறேன். அதைப் பெட்டியில் வைத்து மூடியாயிற்று. உன் வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் போட்டுவிடு. என்னை மட்டும் வெளியே போகச் சொல்லாதே. சத்தமில்லாத இடம் எதையும் நான் இனிமேல் தேடவில்லை. இதோ, உன் இயந்திரச் சத்தத்தைக் கேட்டபடியேதான் இதை எழுதுகிறேன். அந்த மழையைவிட நன்றாக இருக்கிறது.

அத்தான் பத்திரமாகத் திரும்பட்டும். உன் ஊசி உடையாமல், நூல் அறாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
காது கேட்கிற உன் தம்பி

பின்குறிப்பு: இயந்திரச் சத்தத்தைக் கேட்டபடி எழுதுகிறேன் என்றது பொய். அந்தச் சத்தத்தில் மன்னிப்புக் கேட்க வார்த்தையே வரவில்லை. அதனால் அறைக்கதவைத் தாழிட்டு, கடைசியாக ஒருமுறை என்று மாட்டிக்கொண்டுதான் முழுக் கடிதத்தையும் எழுதினேன். இப்போது சன்னல் வழியாகக் குடைக்கம்பி வந்துவிட்டது. வாத்தியார் சொல்கிறார், நீ இயந்திரத்தை எப்போதோ நிறுத்திவிட்டாயாம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "போனது போகட்டும், வந்து சாப்புடுடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாயாம். தெருவுக்கே கேட்டதாம். அக்கா, கழற்றிவிட்டேன். இன்னொரு தடவை கூப்பிடேன்.