எனக்குக் கிடைத்த ஜெபம்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். (நேரில் சொல்லலாமே என்கிறீர்களா? வாய் இதைவிட மோசம்.)

கூச்சப்படுகிறவன் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வரக் கூடாது. நான் வந்தேன். பயிற்சியில் நர்ஸம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தனியாத் தூக்காதீக. வீட்டு ஆளக் கூப்பிடுங்க. இடுப்பு போச்சுன்னா வேலையும் போச்சு."

முதல் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டாளத்து ஞானராஜ் ஐயாவுடையது. பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்துவிட்டது. குரலும் எடையும் குறையவில்லை. மூன்றாம் நாள் காலை, அவருக்குச் சவரம் செய்து, பவுடர் போட்டு, கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். மருமகள் அடுக்களையில் இருந்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது? 'அக்கா' என்றால் என்னைவிட இளையவர். 'அம்மா' என்றால் கோபிப்பாரோ? யோசித்து யோசித்து, யாரையும் கூப்பிடாமல் தூக்கிவிட்டேன்.

ஐயா நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டார். என் இடுப்பில்தான் 'மளுக்' என்றது. வளைந்தது வளைந்தபடி கட்டிலில் சரிந்தேன்.

"ஏலே, என்னல ஆச்சு?"

"ஒண்ணுமில்லய்யா. செத்த நேரத்துல எந்திரிச்சிருவேன். வெளிய சொல்லிராதீக, வேலை போயிரும்."

"சொல்லல. கால நீட்டிப் படு." போர்வையை எடுத்து என்மேல் எறிந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஊருக்குப் புதிதாக மாறுதலாகி வந்த போதகரும் அவர் மனைவியும் நோயாளியைப் பார்க்க வந்தார்கள். "மாமா உள்ள இருக்காக, போங்க" என்று அனுப்பிவிட்டு மருமகள் காப்பி போடப் போய்விட்டார். அறையில் பவுடர் பூசி நிமிர்ந்திருந்தவர் ஒருவர். போர்வைக்குள் முனகுகிறவன் ஒருவன். போதகர் நேராக வந்து என் தலையில் கைவைத்தார்.

"ஆண்டவரே, உம்முடைய பிள்ளை ஞானராஜை இந்தப் படுக்கையிலிருந்து எழுப்பும்!"

'நான் மம்சாபுரம் மாரியப்பன்' என்று போதகரிடம் சொல்லியிருக்கலாம். பிறகு ஏன் படுத்திருக்கிறாய் என்ற கேள்வி வருமே! கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எல்லையில் நான் நாட்டைக் காத்ததற்கெல்லாம் நன்றி சொல்லப்பட்டது. (நான் மதுரையையே தாண்டியதில்லை.) முதல் 'ஆமென்' ஐயாவுடையது.

"நீங்க அவுகளுக்கு அண்ணனா?" என்று போதகர் மனைவி அவரிடம் கேட்டார்.

"இல்லம்மா. நாந்தான் இவனப் பாத்துக்கிடுதேன்," என்றார், சிரிக்காமல்.

காப்பித் தட்டோடு வந்த மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டார். "மாரியப்பண்ணே, நீங்க ஏன் கட்டில்ல கெடக்கீக?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஐயா நர்ஸம்மாவுக்குப் போன் போட்டார்: "என்னயத் தூக்கித்தான விழுந்தான்? எனக்கு இவனே போதும். இடுப்பு சரியான பொறவு வரட்டும்." பத்து நாள் வீட்டில் கிடந்துவிட்டுத் திரும்பினேன். இப்போது "தங்கச்சி, ஒரு கை பிடிங்க" என்று கூப்பிடுகிறேன். இரண்டு பேராகத்தான் தூக்குகிறோம்.

போதகர் மாதம் ஒருமுறை வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெருவுக்குக் கேட்கும்படி விசாரிப்பார்: "இன்னைக்குக் கட்டில்ல யாரு?"

உள்ளேயிருந்து ஐயா சத்தம் கொடுப்பார்: "வாங்க, வாங்க. இன்னைக்கு நாந்தான்!"

எழுதி முடித்தது: ஆவணி ஏழு.