கல்லூரிப் புல்வெளிக்கு நான் களை எடுத்த கதை

சோம்பேறி ஒரு காரியத்தைக் கெடுத்தால் பாதிதான் கெடும். மீதியை அவன் செய்யாமல் விட்டிருப்பான். ஒழுங்காக வேலை செய்கிறவன் கெடுத்தால் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. நான் ஒழுங்காக வேலை செய்கிறவன்.

எழுபதுகளின் கடைசி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஜீயபுரத்தில் அப்பாவோடு வாழைத் தோட்டத்தில் இருந்த நான், திருச்சியில் ஒரு கல்லூரியில் ஒரு வருடத் தோட்டக்கலைப் படிப்பில் சேர்ந்தேன். செய்முறைத் தேர்வில் தேறினால் ஓர் ஆலைக் குடியிருப்பின் பூங்கா வேலைக்கு சிபாரிசுக் கடிதம் தருவதாக எங்கள் ஆசிரியர் லூர்து சார் சொல்லியிருந்தார். எனக்குப் பேசி வைத்திருந்த முசிறிப் பெண்ணின் அப்பாவோ, "வேலைன்னு ஒண்ணு கைக்கு வரட்டும் மாப்பிள்ளை, அப்புறம் முகூர்த்தம் பாத்துக்கலாம்" என்றிருந்தார். ஆக, என் கல்யாணம் லூர்து சார் கையில் இருந்தது.

வகுப்புக்கு நான் மட்டம் போட்டது ஒரே ஒரு நாள். அன்று வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் வரிசையில் நின்றேன். (இதற்காக இன்றும் வருந்தவில்லை. பெருமாள் தரிசனம் நன்றாக இருந்தது.) கல்லூரி வாசலில் புல்வெளி போட்டது அன்றுதான். என்ன புல், ஏன் அந்தப் புல் என்று சார் இரண்டு மணி நேரம் பேசினாராம்.

மாசியில் தேர்வு. முந்தின நாள் சார் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.

"வாசப் பக்கம் உனக்கு. களையெல்லாம் சுத்தமா எடுத்துடுப்பா. நாளைக்கு எக்ஸாமினர் முதல்ல அங்கதான் நிப்பாரு."

சொல்லிவிட்டு ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு மாட்டு வண்டி நிறுத்தக்கூடிய சின்ன இடம்தான். அது முழுக்க அருகு.

வாழைக்காரனுக்கு அருகம்புல் என்பது பங்காளி மாதிரி. ஒரு கணு மண்ணுக்குள் தங்கினாலும் போதும், அடுத்த மாதம் தோட்டம் அதனுடையது. அப்பா அதை மண்வெட்டியால் கொத்தி, விரலால் துழாவி, கடைசி வேரையும் எடுத்த பிறகுதான் காப்பி குடிப்பார். படித்த பிள்ளைகள் இப்படி வளர விட்டிருக்கிறார்களே என்று வருத்தப்பட்டுக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினேன்.

சாயங்காலத்துக்குள் ஒரு கணு பாக்கி இல்லை. இடையில் தானாக முளைத்திருந்த தும்பை சிவனுக்கு உகந்தது, அதை விட்டேன். துளசி இரண்டு செடி இருந்தது, அதை யாராவது பிடுங்குவார்களா? கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு ஆகும், இருக்கட்டும். பிடுங்கிய புல்லையும் வீணாக்கவில்லை. வாட்ச்மேனின் பசுவுக்கு நாலு கூடை, தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கூடை.

லூர்து சார் சைக்கிளில் திரும்பி வந்தார். இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"புல்வெளி எங்கப்பா?"

"எந்தப் புல்வெளிங்க சார்?"

"இங்க இருந்ததுதாம்ப்பா. அருகம்புல்லு. தண்ணி அதிகம் கேக்காது, மருந்து கேக்காது, நம்ம வெயிலுக்கு நிக்கும்னு நட்டோமே."

"அது களைங்களே சார்."

"உங்க தோட்டத்துல களை. இங்க புல்வெளி."

இரண்டு மணி நேரப் பாடம் எனக்கு இரண்டே வரியில் புரிந்தது.

"சரி, பிடுங்கினது எங்க? திரும்ப நட்டுடலாம்."

"மாடு தின்னுடுச்சுங்க. பிள்ளையார்கிட்ட மட்டும் ஒரு கூடை இருக்கு."

"போய் வாங்கிட்டு வா."

"சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாதுங்க சார். பாவம்."

சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"நான் கேட்டா அந்தப் பாவம் யாருக்கு?"

அவரே போனார். குருக்கள், "பிரசாதமா தரேன். ஆனா காலால மிதிக்கிற எடத்துல நடக் கூடாது" என்று ஒரு பிடி அருகும் விபூதியும் கொடுத்து அனுப்பினார். சார் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் எக்ஸாமினர் வந்து நின்ற இடத்தில் வெறும் மண். நடுவில் தும்பை, துளசி, கீழாநெல்லி. (காலையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன்.) பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேனாக்கத்தியால் நாலு இடத்தில் மண்ணைக் கிளறினார்.

"வேரே இல்லையே."

"இருக்காதுங்க."

அவர் எழுந்து சாரிடம் சொன்னார்: "அருகை வேரோட எடுங்கன்னு எத்தனையோ வருஷமா சொல்லிக் குடுக்கறேன். எடுத்தவனை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

களை எடுப்புக்கு முழு மதிப்பெண். புல்வெளிப் பராமரிப்புக்குப் பூஜ்யம். கூட்டிப் பார்த்ததில் தேறிவிட்டேன். சாரும் சொன்ன சொல் தவறாமல் கடிதம் கொடுத்தார். 'நேர்மையானவர், கடும் உழைப்பாளி. புல்வெளிப் பக்கம் மட்டும் அனுப்ப வேண்டாம்.' வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை மரங்களோடுதான் இருந்தேன்.

அந்தக் கடிதத்தை மாமனாரும் படித்திருந்தார் என்பது வைகாசியில், கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. பெரியவர் ஒருவர் அட்சதையைக் கையில் எடுத்து, "ஆல்போல் தழைத்து, அருகுபோல்..." என்று ஆரம்பித்ததும் மாமனார் மெதுவாக அவர் கையைப் பிடித்தார்.

"அருகு வேண்டாங்க. மாப்பிள்ளை பிடுங்கிருவாரு."

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் ஆல்போல் தழைக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.