ஓவனில் வெந்த வேர்ஜீனியா

மொழி தெரியாத நாட்டில் ஒருவர் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம் தலையாட்டுவது. அதுவும் எங்கள் ஆட்கள் ஆட்டுகிற மாதிரி, ஓமா இல்லையா என்று எதிரே நிற்பவருக்குப் பிடிபடாமல் ஆட்டுவது. 2009இல் கலியாணம் கட்டி சுவிஸின் பாசல் நகரத்துக்கு வந்த நான், முதல் மூன்று வருடங்களைப் பெரும்பாலும் தலையாட்டியே ஓட்டினேன். பேக்கரியில் ஆட்டினேன். டிராமில் டிக்கெட் பரிசோதகரிடம் ஆட்டினேன் (அது நல்லபடியாக முடியவில்லை). வேலைக்கான நேர்முகத்திலும் ஆட்டினேன். வேலை கிடைத்துவிட்டது!

வேலை, பழைய நகரத்துக்குள் இருந்த ஒரு புகையிலைக் கடையில். பைப்பில் அடைத்துப் புகைக்கிற புகையிலையை முதலாளியே கலந்து விற்கிற கடை அது. முதலாளியின் பெயர் ஹெர் மோசர். அறுபதைத் தாண்டிய மனிதர். வெள்ளை மீசையின் நுனி மட்டும் புகை பிடித்து மஞ்சளாக இருக்கும். வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாத என்னை ஏன் எடுத்தார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"புகைக்கிற எல்லோருக்கும் மூக்கு பாதி செத்துப்போயிருக்கும். உங்களுடையது முழுதாக உயிரோடிருக்கிறது" என்றார்.

முதல் வாரமே அந்த உயிருள்ள மூக்கைச் சோதித்தார். வேர்ஜீனியா இலையை நீட்டினார். வைக்கோலில் தேன் ஊற்றின மாதிரி மணத்தது. பேர்லி என்ற இன்னொன்று வறுத்த கச்சான் கடலை போல. மூன்றாவதாக லட்டாக்கியா. விறகுப் புகையில் வாட்டிய கறுத்த இலை. எனக்குச் சுட்ட கருவாடுதான் ஞாபகம் வந்தது. கருவாட்டுக்கு ஜேர்மன் மொழியில் என்ன சொல்வது? "மீன். செத்தது. நெருப்பு" என்றேன். ஹெர் மோசர் ஒரு மாதமாக வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார்.

இனி, எல்லாம் தொடங்கிய சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பாசலில் பைப் புகைப்பவர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று கடைக்காரர்கள் ஆளுக்கொரு கலவை கொண்டுவருவார்கள். யாருடையது எது என்று தெரியாமல் அங்கத்தவர்கள் புகைத்துப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்வார்கள். தெரிவாகிற கடைக்குத்தான் அந்த வருடம் முழுவதற்கும் கிளப்பின் வியாபாரம். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தார். அந்த முறை தோற்றால் கடையை மூடிவிடுவேன் என்று ஹெர் மோசர் சொல்லியிருந்தார். போட்டி திங்கட்கிழமை, எங்கள் கடையின் பின்னறையில். எனக்கோ தகுதிகாண் காலம் முடிகிற மாதம்.

அதனால் அவர் ஏழு வருடமாக நிலவறையில் மூடிவைத்திருந்த வேர்ஜீனியாவை வெளியே எடுத்தார். பொன்னிறம். பழைய பட்டுச் சேலையின் சரிகை மாதிரி ஒரு மினுக்கம். அதில் கொஞ்சம் பேர்லியும், மிளகுக் காரமுள்ள இன்னோர் இலையில் ஒரு சிட்டிகையும் கலந்தார். கலந்த இலைகள் ஒன்றோடொன்று பழக, மெல்லிய சூட்டில் ஒருநாள் இருக்க வேண்டுமாம். கடை பூட்டுகிற நேரம் மூன்று கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, இறுக்கி மூடி, என் கையில் தந்து, சுவிஸ் ஜேர்மனில் மளமளவென்று ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது இரண்டு சொற்கள். "நாளைக்கு." "ஓஃபெ."

தலையாட்டினேன்.

ஓஃபெ என்றால் ஓவன். அது எனக்குத் தெரியும், வீட்டு வாடகைப் பத்திரத்திலேயே இருந்த சொல். கடையில் ஓவன் இல்லை. ஆகவே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். எவ்வளவு தெளிவான சிந்தனை பாருங்கள்! ஏழு வருடப் பொக்கிஷத்தை மடியில் வைத்துக்கொண்டு டிராமில் போனேன்.

ஞாயிறு காலை ஜாடிகளை ஓவனுக்குள் வைத்து, ஆகக் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு, சொந்தக்காரப் பிள்ளை பெரியவளானதற்கு எடுத்த சாமத்தியவீட்டுக்குப் போனேன். மதியம் திரும்பி வந்து நிறுத்துவதாகத் திட்டம். ஆனால் சாமத்தியவீட்டில் மதியச் சாப்பாட்டை மாலைக்கு முன் யார் கண்டது?

திரும்பி வந்தபோது எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு முழுக்க ஒரு மணம். கீழ்வீட்டு ஃப்ராவ் ஹுன்சிகர் கதவைத் திறந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை வாசிங் மெஷின் சத்தம் கேட்டாலே முறைப்பாடு செய்கிற மனிசி.

"என்ன கேக் சுடுகிறீர்கள்? பிளம்ஸ் போட்டதா?" என்றார்.

அதற்கும் தலையாட்டிவிட்டு மேலே ஓடினேன். என் கணவர் சிவா ரெஸ்டோரண்டில் சமையல்காரர். மத்தியான வேலை முடிந்து வந்து சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தார். முகத்தில் நல்ல காரியம் செய்த களை.

"இஞ்சரும், கேக்கை உப்பிடிக் குறைஞ்ச சூட்டிலை வைச்சால் எப்ப அவியிறது? நான் வந்தவுடனை சூட்டைக் கூட்டிவிட்டனான்."

"ஐயோ, என்னப்பா செய்தனீங்கள்! அது கேக் இல்லை, புகையிலை!"

"புகையிலையை ஏனப்பா ஓவனுக்கை வைச்சனீர்?"

"முதலாளி சொன்னவர்!"

"எனக்கெண்டால் விளங்கேல்லை. உம்மட முதலாளிக்கு விசரோ?"

ஜாடிகளை வெளியே எடுத்தோம். பொன்னிறமாகப் போனவை கறுத்த கோப்பித் தூளாக வந்திருந்தன. சிவா ஒரு ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பரவாயில்லை, கருகேல்லை, வறுபட்டிருக்கு" என்று தொழில்முறையில் ஆறுதல் சொன்னார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

திங்கள் மத்தியானம் கிளப் ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன் ஜாடிகளை மேசையில் வைத்தேன். ஹெர் மோசர் பார்த்தார். மீசை மட்டும் கொஞ்சம் ஆடியது.

"இது என்ன?"

"ஓஃபெ" என்றேன், செத்த குரலில்.

அவர் திரும்பி, கடையின் மூலையில் நின்ற பச்சை ஓடு பதித்த பெரிய பெட்டியைக் காட்டினார். "ஓஃபெ அதுதான். நாளைக்கு முழுக்க அதன்மேல் இருக்கட்டும் என்றல்லவா சொன்னேன்."

அது அறையைச் சூடாக்குகிற பழைய காலத்து அடுப்பு. அதற்கும் இதே சொல்தானாம். நான் அதை ஓர் அலமாரி என்று நினைத்து நாள்தோறும் அதன்மேல் என் கைப்பையை வைத்துவந்தேன். மாலையில் பை இளஞ்சூடாக இருப்பதை ஒரு சுவிஸ் வசதி என்று நம்பியிருந்தேன்.

புதிதாகக் கலக்க நேரமில்லை. வேறு நல்ல இலையும் இல்லை. ஹெர் மோசர் அந்தக் கறுப்பையே கிண்ணத்தில் கொட்டினார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன், அனுப்பினால் உடனே போக வசதியாக.

பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் (பைப் கடித்தே பல் தேய்ந்தவர்). எங்கள் கிண்ணத்தைக் கண்டதும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர், "யார் தேயிலை கொண்டுவந்தது?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அடைத்துப் பற்றவைத்தார்கள்.

பைப் புகைக்கிறவர்களின் மௌனத்தைப் போலக் கொடுமை இல்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் கண்ணை மூடினார். சிரித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பைப்புக்குள் எட்டிப்பார்த்தார். பல் வைத்தியர் முழுவதையும் புகைத்துச் சாம்பலைத் தட்டினார். பிறகு கறுப்புக் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டி இரண்டாம் முறை அடைத்தார்.

"பிளம்ஸ்" என்றார் மெதுவாக. "அடியில் ரொட்டிக் கருகல். யார் இதைச் செய்தது?"

ஹெர் மோசர் தன்னையே காட்டியிருக்கலாம். அவர் என்னைக் காட்டினார். கோட்டும் கையுறையுமாக வாசலில் நின்ற என்னை!

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஜேர்மனில், "ஓஃபெ. என் கணவர். பெரிய விருந்து. நான் போய்விட்டேன்" என்று முழு உண்மையையும் சொன்னேன். ஆழமான இரகசியம் ஒன்றைக் கேட்டவர்கள் போல அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கறுப்புக் கிண்ணத்தைத் தெரிவுசெய்து எல்லோரும் கையை உயர்த்திய நேரம், எதிர்க் கடைக்காரரின் கையும் உயர்ந்தது. நாங்கள் வென்றோம்!

அன்று மாலையே எனக்கு வேலை நிரந்தரம். கைகுலுக்கியபோது ஹெர் மோசரின் கண் கலங்கியிருந்தது (புகைதான் என்றார்). அதே கலவையைத் திரும்பச் செய்ய எங்களுக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. சூடு எவ்வளவு என்று சிவாவைக் கேட்டால், "கண்ணளவு" என்பார். கடைசியில் பிடித்துவிட்டோம். உடனே விற்க அவசரப்பட்டேன். ஹெர் மோசர் விடவில்லை. "இது இப்போது சத்தம் போடுகிற குழந்தை. மூடி வையுங்கள். ஐந்து வருடம் போகட்டும்."

போனது. முதல் வருடம் நாக்கைக் கடித்தது மூன்றாம் வருடம் வழிக்கு வந்தது. ஐந்தாம் வருட ஜாடியைத் திறந்த அன்று பல் வைத்தியர் மூன்று ஜாடி வாங்கிப் போனார். இப்போது கலப்பது நான்தான். ஹெர் மோசர் ஓய்வெடுத்து, வாடிக்கையாளராக வந்து குறை சொல்கிறார்.

போன வருடம் வீட்டில் விருந்து. சிவா, ஊரறிந்த சமையல்காரர், வந்தவர்களோடு கதைத்த மயக்கத்தில் பாயசத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டார். இருபது பேர் கரண்டியை வாயில் வைத்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பல வருடமாகக் காத்திருந்த நேரம் அது. நான் எழுந்து சட்டியை மூடினேன்.

"ஒருத்தரும் யோசிக்காதேங்கோ," என்றேன். "நிலவறையிலை வைப்பம். ஐஞ்சு வருஷத்திலை நல்லா வரும்."

இப்போது எங்கள் சொந்தத்துக்குள் பாசலிலிருந்து ஜெனீவா வரைக்கும், யார் வீட்டில் எது கருகினாலும் திட்டு விழுவதில்லை. சட்டியை மூடிவிட்டு, திறக்கிற வருடம் எது என்று எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்கிறார்கள்.